2.4 என்ற எண் எங்கிருந்து வந்தது? சிப்பாயின் உடம்பை அளந்த கதை

தென்னாப்பிரிக்காவின் டர்பன் கடற்கரை நடைபாதையில் ஞாயிற்றுக்கிழமை காலை ஐந்தரை மணிக்கே ஆள் நடமாட்டம் தொடங்கிவிடும். சைக்கிள்காரர்கள், நாயோடு நடப்பவர்கள், தூண்டிலோடு வரும், இந்தியர்கள் வாழும் சாட்ஸ்வர்த் பகுதியின் நம்ம கிழவர்கள். இவர்களுக்கு நடுவே என் தங்கை மகள் ஓடுகிறாள். ராணுவத்தின் இரண்டு வருடப் பயிற்சித் திட்டத்துக்கு விண்ணப்பம் போட்டிருக்கிறாள். முன்னால் போய் வந்த தோழி ஒருத்தி, "2.4 கிலோமீட்டர் ஓடிப் பழகிக்கோ, மத்ததெல்லாம் அப்புறம்" என்று சொல்லி அனுப்பியிருக்கிறாள். பெஞ்சில் உட்கார்ந்து நேரம் பார்ப்பது என் வேலை.

போன வாரம் ஓட்டம் முடிந்து இடுப்பில் கை வைத்து நின்றவள் கேட்டாள்: "மாமா, அதென்ன 2.4? ரெண்டுன்னு வெச்சிருக்கலாம், ரெண்டரைன்னு வெச்சிருக்கலாம். இது எந்தக் கணக்கு?"

நான் 30 வருடம் பள்ளியில் உடற்பயிற்சி ஆசிரியராக விசில் ஊதியவன். அந்த 2.4ஐ எத்தனையோ பிள்ளைகளை ஓட வைத்திருக்கிறேன். எங்கிருந்து வந்தது என்று ஒருநாளும் யோசித்ததில்லை. அந்த வெட்கத்தில் பிறந்ததுதான் இந்தக் கட்டுரை.

விடை சின்னதுதான். அது ஒன்றரை மைல். சரியாகச் சொன்னால் 2,414 மீட்டர். மைலை விட்டு மீட்டருக்கு மாறியபோது 14 மீட்டரை வெட்டிவிட்டார்கள். 400 மீட்டர் ஓடுதளத்தில் அது கச்சிதமாக ஆறு சுற்று என்பதால் யாரும் ஆட்சேபிக்கவில்லை. ஆனால் ஏன் ஒன்றரை மைல் என்று கேட்டால் அமெரிக்க விமானப்படை மருத்துவர் கென்னத் கூப்பரிடம் போகவேண்டும்.

ஒரு மனிதன் முழு மூச்சோடு உழைக்கும்போது அவன் உடம்பு நிமிடத்துக்கு அதிகபட்சம் எவ்வளவு ஆக்சிஜனை எடுத்துச் செலவழிக்கிறது என்பதே அவன் எவ்வளவு தாக்குப்பிடிப்பான் என்பதற்கு நல்ல அளவு. இதை 1920களிலேயே ஆங்கிலேய உடலியங்கியல் அறிஞர் ஏ.வி. ஹில் காட்டியிருந்தார். மூச்சுக்காற்றைப் பிடிக்கும் பையை முதுகில் கட்டிக்கொண்டு ஓடிப் பார்த்த ஆள் அவர். ஆனால் அதை அளக்க ஆய்வுக்கூடம் வேண்டும், கருவி வேண்டும், ஆளுக்கு ஆள் தனியாக நேரம் ஒதுக்கவேண்டும். லட்சக்கணக்கானவர்களை வைத்திருக்கும் படைக்கு அது கட்டுப்படியாகாது. புரூனோ பால்கே என்ற இன்னொரு மருத்துவர் 15 நிமிடம் ஓடவிட்டு, ஓடிய தூரத்தை வைத்து ஆக்சிஜனைக் கணிக்க வழி சொல்லியிருந்தார். கூப்பர் அதை 12 நிமிடமாக்கினார். 115 விமானப்படையினரை ஓடவிட்டு, ஆய்வுக்கூட அளவோடு ஒப்பிட்டார். இரண்டும் மிக நெருக்கமாக ஒத்துப்போயின. 1968ல் அதை வெளியிட்டார். அந்தப் பட்டியலில் 12 நிமிடத்தில் ஒன்றரை மைல் தாண்டியவருக்கு 'நன்று' என்ற தரம்.

12 நிமிட ஓட்டத்தில் ஒரு தொல்லை உண்டு. விசில் ஊதியதும் நூறு பேர் நூறு இடத்தில் நிற்பார்கள். ஒவ்வொருவரும் எங்கே நின்றார் என்று அளக்கவேண்டும். நான் பட்டிருக்கிறேன், விசில் கேட்ட பிறகும் நாலு எட்டு நைசாக நகர்ந்து நிற்கும் பிள்ளைகளோடு மல்லுக்கட்டியிருக்கிறேன். தூரத்தை நிலையாக வைத்துவிட்டு நேரத்தைப் பார்த்தால் ஒரு ஸ்டாப்வாட்ச் போதும். ஒன்றரை மைல் நிலைத்தது அப்படித்தான். உலகத்தில் பல படைகள் இந்தத் தூரத்தை ஓடியிருக்கின்றன. அந்த எண்ணுக்குள் ஆய்வுக்கூடச் செலவு இருக்கிறது, ஆங்கிலேய மைல் இருக்கிறது, வாத்தியாரின் வசதி இருக்கிறது. போர்க்களம் மட்டும் எங்கேயும் இல்லை.

இதைச் சொன்னதும் அவள் முகம் போன போக்கைப் பார்த்துத்தான் மேலே தேடினேன். சிப்பாயின் உடம்பை அளந்தவர்கள் எல்லாக் காலத்திலும் இப்படித்தானா?

இல்லை. பழைய காலத்துத் தேர்வுகள் வேலையையே தேர்வாக வைத்தன. சீனத்தின் வெய் நாட்டுப் படையைப் பற்றி கி.மு. 3ஆம் நூற்றாண்டுச் சிந்தனையாளர் சுன்ஸி எழுதியிருக்கிறார். கவசம் மாட்டி, கனத்த வில்லும் 50 அம்பும் ஈட்டியும் வாளும் எடுத்து, மூன்று நாள் சோற்றையும் கட்டிக்கொண்டு, அரை நாளில் 100 லீ ஓடவேண்டும். ஏறக்குறைய 40 கிலோமீட்டர். தேறியவன் குடும்பத்துக்கு வரிவிலக்கு, நல்ல நிலம், வீடு. இந்த ஏற்பாட்டைச் சுன்ஸி பாராட்டவில்லை. சில வருடத்தில் அவன் பலம் போய்விடுகிறது, கொடுத்த சலுகையையோ திரும்பப் பிடுங்க முடியவில்லை, இப்படியே போனால் நாடு பெரிதாக இருந்தும் வரி குறையும் என்று குறை சொல்கிறார். இரண்டாயிரத்து இருநூறு வருடத்துக்கு முன்னால் எழுதியது. எங்கள் நாட்டுப் படையில் வயது ஏறிக்கொண்டே போகிறது, வயிறும் கூடவே போகிறது என்று இன்று பத்திரிகைகள் எழுதும்போது எனக்குச் சுன்ஸியின் முகம் தெரிகிறது.

ரோமானியர்களுக்கும் நடைதான் தேர்வு. ரோமானிய எழுத்தாளர் வெஜீஷியஸ் குறித்து வைத்த கணக்கு: புதிதாகச் சேர்ந்தவன் கோடைக்காலத்தில் ஐந்து மணி நேரத்தில் 20 ரோம மைல் நடக்கவேண்டும், வேக நடையென்றால் 24. இருபது ரோம மைல் என்பது சுமார் 30 கிலோமீட்டர். பகலைப் பன்னிரண்டாகப் பங்கிட்ட காலம் என்பதால் அவர்களுடைய கோடை மணி நம் மணியைவிட நீளம். அதனால் அசாத்தியமான வேகமும் இல்லை. உயரத்தை அவரும் சொல்கிறார், ஆனால் உயரத்தைவிட வலுவைப் பார்ப்பதே மேல் என்று கூடவே சொல்லிவிடுகிறார். பின்னால் வந்தவர்கள் முதல் பாதியை மட்டும் படித்தார்கள்.

நம் ஊரில் இளவட்டக்கல் இருந்ததே என்று யாராவது கேட்பார்கள். இருந்தது. அது பெண் கொடுக்கிறவர் பார்த்த தேர்வு. தோளுக்கு மேலே தூக்கிப் பின்னால் போட்டால் முடிந்தது. கல்லைத் தூக்குகிறவன் கல்யாணத்துக்குப் பிறகு என்ன செய்வான் என்பதை அந்தக் கல்லால் சொல்ல முடியாது.

குச்சியும் நாடாவும்

ஐரோப்பாவில் பெரும் படைகள் திரண்ட 18, 19ஆம் நூற்றாண்டுகளில் தேர்வு என்பது பெரும்பாலும் ஒரு குச்சியில் அடங்கியது. உயரம். அதற்கு அன்று ஒரு நியாயமும் இருந்தது. குழல் வாய் வழியாக வெடிமருந்தும் குண்டும் கிட்டிக்கும் நீளத் துப்பாக்கிக்கு நீளக் கை தேவை. துப்பாக்கி மாறியது, குச்சி மாறவில்லை. நெட்டை ஆட்கள் கிடைக்காதபோது குச்சியை வெட்டினார்கள், அவ்வளவுதான். பிரிட்டிஷ் காலாட்படையில் 1845ல் 5 அடி 6 அங்குலம் என்றிருந்த குறைந்தபட்ச உயரம் 1883ல் 5 அடி 3 அங்குலமாகி, இங்கே டச்சு வழி வந்த வெள்ளைக் குடியானவர்களான போயர்களோடு பிரிட்டிஷார் நடத்திய போயர் போர்க் காலத்தில் 5 அடிக்கு வந்து நின்றது.

குச்சி போதாதென்று கணக்கும் வந்தது. 1900 வாக்கில் பிரெஞ்சு ராணுவ மருத்துவர் பிக்னே ஒரு சூத்திரம் சொன்னார். சென்டிமீட்டரில் உயரத்தை எடுத்து, அதிலிருந்து மார்புச் சுற்றளவையும் கிலோவில் எடையையும் கழிக்கவேண்டும். மிச்சம் 10க்குக் கீழே என்றால் மிக வலுவான உடல். 35க்கு மேலே போனால் படைக்கு ஆகாது. நான் என்னையே போட்டுப் பார்த்தேன். உயரம் 168, மார்பு 98, எடை 82. விடை மைனஸ் 12. பிக்னே கணக்குப்படி நான் பீமன். மாடிப்படி ஏறினால் நடுவில் நின்று கம்பியைப் பிடிக்கும் பீமன். தொந்தியைத் தசை என்று எண்ணிவிட்ட இந்தச் சூத்திரம் எத்தனையோ நாடுகளில் பல பத்தாண்டுகள் புழக்கத்தில் இருந்தது. ஒல்லியாக, நாள் முழுக்க நடக்கக்கூடிய எத்தனை பேரை அது வீட்டுக்கு அனுப்பியிருக்கும்!

நடுவில் ஒரு ஜனாதிபதி குச்சியையும் நாடாவையும் ஒதுக்கிவிட்டு, வெய் நாட்டுப் பாணிக்குத் திரும்பினார். தியோடர் ரூஸ்வெல்ட். மேசைக்குப் பின்னால் பெருத்துப்போன அமெரிக்க அதிகாரிகள் மூன்று நாளில் 50 மைல் நடந்து காட்டவேண்டும், குதிரையில் போகிறவர்கள் 90 மைல் சவாரி போகவேண்டும் என்று உத்தரவு போட்டார். அதிகாரிகள் முணுமுணுத்தார்கள். 1909 ஜனவரி 13 அன்று, ஐம்பது வயதில், கொட்டும் பனியில் வாஷிங்டனிலிருந்து வாரன்டன் போய்த் திரும்பி ஏறக்குறைய 100 மைலை ஒரே நாளில் ஓட்டிக்காட்டினார். முணுமுணுப்பு நின்றதா தெரியாது, பதில் சொல்ல யாருக்கும் வாய் இல்லை.

நேட்டால் மண்ணில் ஒரு கணக்கு

உடல் தகுதித் தேர்வின் வரலாற்றில் பெரிய திருப்பம் நடந்தது நாங்கள் குடியிருக்கும் இந்த நேட்டால் மண்ணைச் சாக்கிட்டுத்தான். 1899 அக்டோபரில் போயர் போர் தொடங்கியதும் இங்கிலாந்தில் இளைஞர்கள் ஆள்சேர்ப்பு நிலையங்களில் வரிசை கட்டினார்கள். மான்செஸ்டரில் மட்டும் அடுத்த ஜூலைக்குள் வந்தவர்கள் 11,000 பேர். அதில் 8,000 பேரைத் துப்பாக்கி தூக்கவே லாயக்கில்லை என்று திருப்பி அனுப்பினார்கள். எடுத்துக்கொண்ட 3,000 பேரிலும் உரிய தசை வலுவும் மார்பளவும் இருந்தவர்கள் 1,200 பேர்தான். உலகத்தையே ஆண்டுகொண்டிருந்த நாட்டின் ஆலைத் தொழிலாளி வீட்டுப் பிள்ளைகள் அவர்கள். குள்ளம், கூம்பிய மார்பு, சொத்தைப் பல். மிச்சமிருந்த பல்லால் ராணுவ பிஸ்கட்டைக் கடிக்க முடியாது என்பதே பலரைத் திருப்பி அனுப்பப் போதுமான காரணமாக இருந்தது.

எதிரில் நின்ற போயர்களுக்குத் தேர்வே கிடையாது. 16 வயது முதல் 60 வயது வரை எல்லா ஆணும் சொந்தக் குதிரை, சொந்தத் துப்பாக்கி, கொஞ்ச நாள் சாப்பாட்டோடு வந்து சேரவேண்டும் என்பதுதான் விதி. பண்ணையில் வளர்ந்த உடம்பு. அந்தத் தாடிக்காரத் தாத்தாக்களையும் மீசை முளைக்காத பையன்களையும் அடக்க இரண்டரை வருடத்துக்கு மேல் ஆயிற்று.

லண்டனில் அலறல் கிளம்பியது. ஆங்கிலேய இனமே நலிந்து வருகிறதோ என்ற பயத்தில் ஒரு குழு போட்டார்கள். 1904ல் அறிக்கை வந்தது. இனம் நலியவில்லை, பிள்ளைகள் பட்டினி கிடக்கிறார்கள் என்பது அதன் சாரம். 1906ல் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சாப்பாடு போட அனுமதிக்கும் சட்டம் வந்தது. 1907ல் பள்ளிகளில் மருத்துவப் பரிசோதனை. ஆங்கிலேயப் பிள்ளைகளின் மதிய உணவுக்கு வித்து நேட்டாலின் லேடிஸ்மித் ஊருக்குப் பக்கத்தில் விழுந்த குண்டுகள் என்று சொன்னால் மிகையில்லை.

அதே போரில் நம்மவர்களும் இருந்தார்கள். காந்தி திரட்டிய இந்திய ஆம்புலன்ஸ் படையில் சுமார் 1,100 பேர். ஏறக்குறைய 40 பேர் தலைவர்கள். முந்நூறு பேர் அளவில் ஒப்பந்தம் முடிந்த சுதந்திர இந்தியர்கள். மற்றவர்கள் கரும்புத் தோட்டத்திலிருந்து முதலாளிமார் சம்மதத்தோடு அனுப்பப்பட்ட ஒப்பந்தக் கூலிகள். 1860ல் சென்னையிலிருந்து 'டுரூரோ' கப்பல் வந்தது முதல் 1911 வரை நேட்டாலுக்கு வந்த 1,52,184 ஒப்பந்தத் தொழிலாளரில் மூன்றில் இரண்டு பங்கு சென்னையில் கப்பலேறியவர்கள் என்பதை வைத்துப் பார்த்தால், அந்த ஸ்ட்ரெச்சர்களுக்கு அடியில் எத்தனை தமிழ்த் தோள்கள் இருந்திருக்கும் என்று ஊகிக்கலாம்.

கிளம்புமுன் மருத்துவர் பூத் தங்களுக்குப் பயிற்சி கொடுத்ததையும், பணிக்குத் தகுதி என்று மருத்துவச் சான்று வாங்கியதையும் காந்தி எழுதியிருக்கிறார். தோட்டத்து ஆட்களின் உடம்பை இதற்கு முன்பே வேறொரு மருத்துவர் பார்த்திருந்தார். சென்னை டிப்போவில், கப்பலேறும் முன். மண்வெட்டி பிடிக்குமா இந்தக் கை, கடலைத் தாங்குமா இந்த வயிறு, தொற்று ஏதும் உண்டா என்று பார்த்து, ஓடிப்போனால் பிடிக்க வசதியாக உடம்பில் உள்ள மச்சத்தையும் தழும்பையும் எழுதிக்கொண்ட பரிசோதனை அது. கப்பல் பட்டியல்களின் பிரதிகள் இங்கே வெஸ்ட்வில் பல்கலைக்கழக ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. என் கொள்ளுத்தாத்தா பெயருக்கு நேரே 'இடது முழங்காலில் தழும்பு' என்று இருப்பதைப் பார்த்தபோது எனக்குச் சிப்பாய்களின் மருத்துவச் சீட்டு ஞாபகம் வந்தது. அதே கட்டங்கள், அதே கண்.

1900 ஜனவரியில் ஸ்பியன் கோப் மலையில் ஒரே நாளில் பிரிட்டிஷ் படை சின்னாபின்னமானது. காயம்பட்டவர்களைத் தூக்கிக்கொண்டு அந்த நாட்களில் 20 முதல் 25 மைல் வரை நடந்தோம் என்கிறார் காந்தி. 25 மைல் என்றால் 40 கிலோமீட்டர். வெய் நாட்டு வீரனின் 100 லீ. தோளில் வில்லுக்குப் பதிலாக உயிருக்குப் போராடும் ஒரு மனிதன். குலுக்காமல் நடக்கவேண்டும், அதுவும் கரடு முரடான பாதையில். மான்செஸ்டர் ஆள்சேர்ப்பு மேசையில் இந்தத் தோட்டக்காரர்களை நிறுத்தியிருந்தால் மார்பு நாடாவில் எத்தனை பேர் தேறியிருப்பார்கள்? கரும்பு வெட்டியும் கட்டுத் தூக்கியும் இறுகிய உடம்பு நாடாவில் ஒல்லி உடம்பாகத்தான் தெரிந்திருக்கும். போர் முடிந்ததும் பதக்கம் தலைவர்களுக்கு வந்தது.

போருக்குப் போர்

முதல் உலகப் போர் வந்ததும் பழைய கதை பெரிய அளவில் திரும்பியது. 1917-18ல் பிரிட்டன் 24 லட்சத்துக்கும் மேற்பட்ட ஆண்களை மருத்துவக் குழுக்கள் முன் நிறுத்தி நாலு தரமாகப் பிரித்தது. முழுத் தகுதி பெற்றவர்கள் நூற்றுக்கு 36 பேர். மூன்றாம் தரத்தில் 31. பத்து பேர் எதற்குமே ஆகாதவர்கள். குச்சிக்கு ஒரு கேலியும் நடந்தது. 1914ல் இங்கிலாந்தின் பர்கன்ஹெட் நகரில், 5 அடி 3 அங்குலத்தை எட்டாததால் விரட்டப்பட்ட சுரங்கத் தொழிலாளிகளும் துறைமுகத் தொழிலாளிகளும் 'எங்களுக்கென்று ஒரு படை கொடு' என்று சண்டை போட்டு வாங்கினார்கள். பான்டம் பட்டாளம் என்று பெயர், குட்டைச் சேவலின் பெயர். சிறுத்தாலும் கடுகு காரம் போகுமா?

அதே போரில் இங்கிருந்து ஜெர்மன் கிழக்கு ஆப்பிரிக்காவுக்குப் போய்ப் புதரிலும் காய்ச்சலிலும் நெடுந்தூரம் நடந்து திரும்பியவர் விக் கிளாப்பம். இறந்த தோழர்களுக்குச் சிலை வேண்டாம், அவர்கள் பட்ட பாட்டை உடம்பில் உணரும் ஒரு ஓட்டம் வேண்டும் என்று அலைந்து, 1921 மே 24 அன்று பீட்டர்மாரிட்ஸ்பர்க்கிலிருந்து டர்பனுக்கு ஏறக்குறைய 90 கிலோமீட்டர் ஓட்டத்தைத் தொடங்கிவைத்தார். 34 பேர் கிளம்பி 16 பேர் முடித்தார்கள். இன்று ஆயிரக்கணக்கில் ஓடும் காம்ரேட்ஸ் மாரத்தான் அதுதான். சிப்பாயின் தாங்கும் திறன் ஊர்த் திருவிழாவான கதை. கறுப்பர்களும் இந்தியர்களும் பெண்களும் அதிகாரபூர்வமாக அதில் ஓட 1975 வரை காத்திருக்கவேண்டி வந்தது என்பதையும் சேர்த்தே சொல்லவேண்டும்.

இரண்டாம் உலகப் போரில்தான் குச்சியும் நாடாவும் பின்னுக்குப் போயின. இந்த உடம்பு எப்படி இருக்கிறது என்ற கேள்வி, இந்த உடம்பு என்ன செய்கிறது என்று மாறியது. ஜிம்மில் எல்லோரும் திட்டிக்கொண்டே செய்யும் பர்ப்பி அப்போதுதான் பட்டாளத்துக்குள் நுழைந்தது. அது ஒரு மனிதரின் பெயர். ராயல் பர்ப்பி என்ற அமெரிக்கர் 1930களின் கடைசியில் தன் ஆய்வேட்டுக்காக ஒரு சுலபமான சோதனை வைத்தார். குந்து, காலைப் பின்னே நீட்டு, மடக்கு, எழு. நாலே முறை, பிறகு நாடித்துடிப்பைப் பார். ராணுவம் அதை எடுத்து 20 விநாடிக்கு எத்தனை, ஒரு நிமிடத்துக்கு எத்தனை என்று ஆக்கிவிட்டது. ஹார்வர்டின் களைப்பு ஆய்வுக்கூடம் 20 அங்குல உயரப் பெட்டி ஒன்றைக் கொண்டுவந்தது. நிமிடத்துக்கு 30 தடவை என்று ஐந்து நிமிடம் ஏறி இறங்கவேண்டும். உட்கார்ந்ததும் நாடி எவ்வளவு சீக்கிரம் அடங்குகிறது என்பதில் மதிப்பெண். பள்ளியில் மரப்பெட்டி வைத்து நானும் இதைச் செய்திருக்கிறேன். மெட்ரோனோம் இல்லாததால் மேசையில் தாளம் தட்டுவேன்.

இந்தப் பெட்டி எங்கள் நாட்டில் ராணுவத்தைவிடத் தங்கச் சுரங்கத்தில்தான் அதிகம் உழைத்தது. விட்வாட்டர்ஸ்ராண்ட் சுரங்கங்களின் ஆழத்தில் பாறையே சுடும். புதிதாக வந்த கறுப்பினத் தொழிலாளர்கள் வெப்பத்தாக்கில் செத்து விழுந்தார்கள். உடலியங்கியல் அறிஞர் சிரில் விண்டமும் அவர் குழுவும் சூடும் ஈரமும் ஏற்றிய அறைகளில் தொழிலாளர்களைப் படிமேல் ஏறி இறங்க வைத்துப் பழக்கும் முறையை உருவாக்கினார்கள். எட்டு நாள், தினமும் நாலு மணி நேரம். உடல் வெப்பத்தைப் பார்த்து, தாங்குகிறவன் கீழே போவான். வெப்பத்துக்கு உடம்பு எப்படிப் பழகுகிறது என்று உலகப் படைகள் இன்று வைத்திருக்கும் அறிவில் ஒரு பெரிய பங்கு அந்தத் தொழிலாளர்களின் வியர்வையில் எழுதப்பட்டது. உயிர் காத்த விஞ்ஞானம்தான், மறுக்கவில்லை. சுரங்கத்துக்கு ஆள் வேண்டும் என்பதற்காகப் பிறந்த விஞ்ஞானம் என்பதும் அதே அளவு உண்மை.

அமெரிக்க மரீன் படை முகாம்களில் பயிற்சியின்போது வெயிலில் சுருண்டு விழுந்தவர்களுக்காக 1950களில் ஒரு குறியீடு வந்தது. ஈரத்துணி சுற்றிய வெப்பமானிக்கு 70 விழுக்காடு எடை, வெயிலில் வைத்த கறுப்பு உருண்டைக்கு 20, சாதாரண வெப்பமானிக்கு 10. ஈரப்பதத்துக்கு ஏன் இவ்வளவு மரியாதை என்று டர்பனில் பிப்ரவரி மாதம் ஓடியவர்களிடம் விளக்கவேண்டியதில்லை. வியர்வை காயாத ஊரில் 30 டிகிரியும் ஆளை அடிக்கும்.

யாரை அளப்பது?

தேர்வில் என்ன இருக்கிறது என்பதற்கு முன்னால், தேர்வுக்கு யார் கூப்பிடப்படுகிறார்கள் என்ற கேள்வி எங்கள் நாட்டில் எப்போதும் நின்றது. இரண்டாம் உலகப் போரில் இந்தியர்களும் மலாய்க்காரர்களும் தனிப் பிரிவாகப் போனார்கள். லாரி ஓட்டினார்கள், சமைத்தார்கள், மறுபடியும் ஸ்ட்ரெச்சர் தூக்கினார்கள். துப்பாக்கி கொடுக்கவில்லை. 1967 முதல் வெள்ளை இளைஞர்களுக்குக் கட்டாய ராணுவ சேவை. அந்தத் தலைமுறை வெள்ளைக்காரர்களிடம் பேச்சுக் கொடுத்தால் 'ஜி1கே1' என்ற சொல் வரும். எங்கும் அனுப்பலாம், எதுவும் செய்யச் சொல்லலாம் என்ற மருத்துவத் தரம் அது. 'ஜி5' வாங்கினால் வீட்டுக்குப் போகலாம். சண்டை நடந்த அங்கோலா எல்லைக்குப் போகாமல் தப்பிக்க, நெஞ்சு வலி, முதுகு வலி என்று அந்த 5க்காக ஏங்கிய பையன்கள் உண்டு. தேறக்கூடாது என்று வேண்டிக்கொண்ட தேர்வு வரலாற்றில் இது ஒன்றுதான் என்று சொல்லமாட்டேன்; பிரான்சில் முன்பல் இல்லாதவனால் தோட்டாவின் காகிதத்தைக் கடிக்க முடியாது என்பதற்காகப் பல்லைப் பிடுங்கிக்கொண்டவர்கள் உண்டு.

1970களின் நடுவில் இந்தியர்களுக்கென்று டர்பன் துறைமுகத்தின் சாலிஸ்பரி தீவில் கடற்படைப் பயிற்சித் தளம் திறந்தார்கள். பெயர் ஜலசேனா. ஓட்டுரிமை கொடுக்காத அரசின் சீருடையை மாட்டுவதா என்று சமூகம் இரண்டுபட்டது. சில வருடம் முன்புவரை இந்தியர்களுக்கான பல்கலைக்கழகக் கல்லூரி இருந்த அதே தீவு என்பதால் கசப்பு கூடுதல். போனவர்களை நான் குறை சொல்லமாட்டேன், அன்று வேலை கிடைப்பது குதிரைக் கொம்பு.

1994க்குப் பிறகு பழைய அரசின் படை, விடுதலை இயக்கங்களின் படைகள், கறுப்பர்களுக்கென்று வெள்ளை அரசு ஒதுக்கிவைத்த 'சுதந்திர' பந்துஸ்தான்களின் படைகள் எல்லாம் ஒன்றாகக் கலந்தன. காட்டில் வருடக்கணக்கில் கெரில்லாவாக இருந்தவர் முகாமில் வந்து படிவம் நிரப்பி, ஓடி, எழுத்துத் தேர்வு எழுதித் தன் தகுதியைக் காட்டவேண்டியிருந்தது.

பெரிய மோதல் வந்தது ரத்தப் பரிசோதனையில். எச்.ஐ.வி. இருந்தால் அன்று படையில் சேர்க்கமாட்டார்கள், வெளிநாட்டுப் பணிக்கு அனுப்பமாட்டார்கள், பதவி உயர்வும் தட்டிப்போகும். ஒரு ராணுவத் தொழிற்சங்கம் வழக்குப் போட்டது. தினமும் ஓடுகிறவர், மருந்தால் கட்டுக்குள் இருக்கிறவர், உடம்பில் குறையேதும் தெரியாதவர், ஒரே ஒரு ரத்த முடிவால் எப்படித் தகுதியற்றவராவார்? 2008 மே மாதம் பிரிட்டோரியா உயர்நீதிமன்றம் அந்தக் கொள்கை அரசியலமைப்புக்கு முரண் என்று தள்ளி, ஆறு மாதத்தில் புதிய கொள்கை வகுக்கச் சொன்னது. ஆளைத் தனித்தனியாகப் பார், நோயின் பெயரைப் பார்க்காதே என்பதுதான் அதன் பொருள். பிக்னேயின் சூத்திரத்துக்கும் மான்செஸ்டர் நாடாவுக்கும் யாரும் போடாத வழக்கு அது.

என் தங்கை மகளுக்கு நேராகத் தைக்கிற விஷயம் வேறு. பெண்ணுக்கும் ஆணுக்கும் ஒரே அளவா? 1998 முதல் பிரிட்டிஷ் படையில் இருவரையும் ஒரே தரத்தில், ஒன்றாகப் பயிற்றுவித்தார்கள். அதற்கு முன்பு அளவுக்கு மீறிய உழைப்புக் காயத்தால் மருத்துவக் காரணம் காட்டி அனுப்பப்பட்ட பெண்கள் 4.6 விழுக்காடு, பிறகு 11.1 விழுக்காடு. ஆண்களிடம் அது 1.5ஐத் தாண்டவே இல்லை. ஒரே நீள எட்டு, ஒரே சுமை என்றதும் இடுப்பெலும்பும் கெண்டைக்கால் எலும்பும் விரிசல் விட்டன. அமெரிக்காவில் புஷ்-அப், சிட்-அப், இரண்டு மைல் ஓட்டம் என்று 1980 முதல் நடந்த தேர்வை நாற்பது வருடம் கழித்து மாற்றினார்கள். கம்பியில் தொங்கி முழங்காலை முழங்கை வரை தூக்கும் ஒரு அங்கம் புதிதாக வந்தது. பெண்கள் அதில் கூட்டமாகத் தவறினார்கள். போர்க்கள வேலைக்கு அது எதைக் காட்டுகிறது என்று ஆய்வாளர்கள் கேட்டபோது உருப்படியான பதில் இல்லை; எடுத்துவிட்டார்கள்.

அந்தக் கேள்விதான் இப்போது எல்லாப் படைகளையும் பழைய வழிக்குத் திருப்புகிறது. பிரிட்டிஷ் படையில் 2019 முதல் நேரடிப் போர்ப் பணிகளுக்கு வயது, ஆண், பெண் என்று பார்க்காமல் வேலையை வைத்தே தேர்வு. சுமை கட்டி 4 கிலோமீட்டர் நடை. 110 கிலோ மூட்டையை 20 மீட்டர் இழுப்பது, காயம்பட்டவனைக் குண்டு மழையிலிருந்து இழுத்து வருவதாகப் பாவனை. ஒவ்வொன்றும் 22 கிலோ உள்ள இரண்டு தண்ணீர்க் கேன்களைக் கையில் தொங்கவிட்டு 240 மீட்டர் நடப்பது, ஸ்ட்ரெச்சர் தூக்குவதற்கு ஈடாக வைத்த தேர்வு. அந்த வரியைப் படித்ததும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி படித்தேன். 240 மீட்டர். ஸ்பியன் கோப்பிலிருந்து நம்மவர்கள் நடந்தது 25 மைல்.

இந்த ஞாயிற்றுக்கிழமை அவளிடம் இதையெல்லாம் சொன்னேன். 14 மீட்டர் கதைக்குச் சிரித்தாள். மூட்டை இழுக்கும் இடத்தில் நிறுத்தினாள்.

"110 கிலோவா மாமா? எங்க போறது அதுக்கு?"

"உனக்கு இங்க அது கேக்கமாட்டாங்கம்மா. பழகிக்கிட்டா நல்லதுன்னு சொல்றேன். முதல்ல பாதி எடை போதும், மணல்ல இழு."

யோசித்தாள். "தம்பி எழுபது கிலோ இருப்பான். அவனைப் படுக்கப் போட்டு இழுக்கவா?"

நல்ல யோசனைதான். படுப்பதில் அவனுக்குப் பிரச்சினை இல்லை. காலை ஐந்தரைக்கு அவனைக் கடற்கரை வரை கொண்டு வந்து சேர்ப்பதற்குத்தான் நாலு பேரும் ஒரு ஸ்ட்ரெச்சரும் வேண்டும்.